அப்பாவுக்கு ஒரு கால் வாட் வெளிச்சம்

சாவு வீட்டில் சும்மா இருக்கத் தெரிந்தவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கும். ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யார் வந்தாலும் கொஞ்சம் அழுது, காப்பி வந்தால் குடித்து, பதினாறு நாளையும் நல்லபடியாகக் கடத்திவிடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துக்கம் வந்தால் எனக்குக் கை பரபரக்கும். எதையாவது கழற்ற வேண்டும், எதையாவது மாட்ட வேண்டும். அப்படிக் கழற்றி மாட்டியதில்தான், என் அப்பா இறந்த பதினோராம் நாள், முக்கூடலிலிருந்து வந்த ஏழு பெண்களை ஒரே நேரத்தில் அலற வைத்தேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வீடு வண்ணார்பேட்டையில், பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே நுழையும் ஒரு சந்தில் இருந்தது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. வாசலை அடுத்துப் பட்டாசல் (கூடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), அதற்குப் பின்னால் ஒரு உள்ளறை, பிறகு அடுக்களை, புறவாசல். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் பட்டாசலுக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில்கூட லைட் போட்டால்தான் எதிரே உட்கார்ந்திருப்பது மாமாவா மாமியா என்று தெரியும்.

அப்பா வாய்க்கால் ஆபீஸில் கிளார்க். தாமிரபரணியிலிருந்து எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதி வந்தவர். ஆனி மாதம் ஒரு காலையில் ஆபீஸுக்குக் கிளம்பினார். குனிந்து செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று கையில் இருந்தது. ஐம்பத்தாறு வயது சாகிற வயதே இல்லை என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதைச் சொல்ல ஆள் வந்துதான் எங்களுக்குத் தெரிய வேண்டுமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அண்ணனுக்கு அடுத்த மகள் நான். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடாத நேரத்தில் அக்கம்பக்கத்து ரேடியோக்களைப் பழுது பார்த்தேன். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த இரண்டு ரேடியோக்கள் என் கை பட்டு ஓய்ந்திருந்தன. இருந்தாலும் என் தன்னம்பிக்கையில் ஒரு கீறல் விழவில்லை. (விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைக் கிடத்தியிருந்த இடத்தில், தலைமாடு இருந்த பக்கம், ஓர் அகல் விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைப்பார்கள். பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரை அந்த விளக்கு அணையக் கூடாது. போகிற உயிருக்கு வழி தெரிய வேண்டுமாம். இன்னொரு வழக்கமும் உண்டு. துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கதவைத் தட்டக் கூடாது. அதனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை தெருவாசல் திறந்தே கிடக்க வேண்டும். இந்த இரண்டு வழக்கங்களையும் ஏற்படுத்திய பெரியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசியிருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால் ஆனி மாதம் எங்கள் ஊரில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும். செங்கோட்டைப் பக்கம் கிளம்பினால், வழியில் யாரிடமும் விலாசம் கேட்காமல், நேராக எங்கள் வாசலில் நுழைந்து அகலின் முன்னால்தான் வந்து நிற்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் விளக்கு அணைந்தது. நாலு பேர் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரம். அம்மா ஓடி வந்து ஏற்றினாள். ஏற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அப்பா இறந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

"ஒங்க அப்பாவுக்குப் பொழுது சாஞ்சாலே கண்ணு மங்கும். வெளக்கில்லாம எந்த முள்ளுக்குள்ள நிக்குதாவளோ" என்றாள்.

அன்றிலிருந்து அவள் விளக்கைவிட்டு நகரவில்லை. வாசலுக்கும் விளக்குக்கும் நடுவில் உட்கார்ந்து, முந்தானையை விரித்துக் காற்றை மறித்தாள். ராத்திரி கதவை அடைத்த பிறகாவது படு என்றால், கதவு இடுக்கு வழியாகக் காற்று வருகிறது என்பாள். கண் சொருகும். தலை சாயும். திடுக்கிட்டு விழித்து முதலில் விளக்கைப் பார்ப்பாள். எட்டாம் நாள் சாயங்காலம் தூக்கக் கலக்கத்தில் முந்தானையில் தீப் பிடிக்கப் பார்த்தது. நான் பார்த்து அடித்து அணைத்தேன். ஒருத்தரை அனுப்பிவிட்டு இன்னொருத்தரையும் அனுப்பப் போகிறோம் என்று பயந்துபோனேன். எப்படியாவது இவளைத் தூங்க வைக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு அப்புறம் நினைப்பாக இருந்தது.

அண்ணன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தான். மொட்டைத் தலையோடு வீட்டில் இருந்த அவன் மறுநாள் காலையில், "ஒரு தகரத்த வெட்டி முன்னால நிப்பாட்டினா சோலி முடிஞ்சிரும்லா" என்றான். இவ்வளவு சுலபமான யோசனையை எங்கள் குடும்பத்தில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. உடனே அதைக் கொன்றுவிட்டாள் முக்கூடல் அத்தை.

முக்கூடல் அத்தை அப்பாவின் அக்கா. துட்டி வீட்டுச் சட்டதிட்டங்களுக்கு அவள்தான் ஹைகோர்ட்டு. மேல்முறையீடு கிடையாது. "வெளக்க மறச்சா வழிய மறிச்சது மாதிரி. மறச்ச வெளக்கும் மறந்த ஒறவும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அந்தக் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். (அந்தப் பழமொழியை அத்தை அந்த நிமிஷமே தயார் செய்தாள் என்பது என் சந்தேகம். அதற்கு முன்னும் பின்னும் யார் சொல்லியும் நான் கேட்டதில்லை.) அவள் ஊருக்குப் போனாலும் தீர்ப்பு எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மா தகரத்தைத் தொட விடவில்லை.

ஒரு தகரத் துண்டுக்கு வழியில்லாத இடத்தில்தான் என் டிப்ளமோ எழுந்து நின்றது. காற்றடித்தால் அணையாத விளக்கு எது? கரண்டு விளக்கு. அப்பா தலை வைத்திருந்த இடத்துக்கு நேர் மேலே, முழங்கால் உயரத்தில், அவருடைய மேஜை மின்விசிறிக்கென்று ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அகல் அது பாட்டுக்கு எரியட்டும், பக்கத்தில் ஒரு கரண்டு விளக்கும் எரியட்டும். காற்று வந்தால் இது இருக்கும், கரண்டு போனால் அது இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் போகுமா?

(போகும். வருகிறேன்.)

அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் டார்ச், பேட்டரி, சீப்பு, சாவி வளையம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் பரப்பி ஒரு அண்ணாச்சி கடை போட்டிருந்தார். அவரிடம் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருந்தது. பின்பக்கம் இரண்டு பின், முன்பக்கம் ரோஜாப்பூ படம். அப்படியே பிளக்கில் சொருக வேண்டியதுதான்.

"இது என்ன அண்ணாச்சி, ஜீரோ வாட் பல்பா?"

"பல்பு இல்ல தங்கச்சி, எல்.இ.டி.யாக்கும். புதுசா வந்திருக்கு. பல்பு மாதிரி இது பியூஸ் ஆவாது. ஒனக்குப் பேரன் பேத்தி எடுத்த பொறவும் எரியும்."

"வெளிச்சம் எப்படி இருக்கும்?"

"கண்ணக் கூசாது."

அது உண்மைதான். கண்ணுக்கு எட்டவும் எட்டாது என்பதை அவர் சொல்லவில்லை. பச்சையும் சிவப்பும் இருந்தன. தீயின் நிறத்துக்குச் சிவப்புதான் கிட்டத்தில் வரும் என்று பெரிய விஞ்ஞானி மாதிரி யோசித்துச் சிவப்பை வாங்கினேன். மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொருகினேன். ரோஜாப்பூவுக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ ஒன்று இருப்பது மாதிரியும் இருந்தது, இல்லாதது மாதிரியும் இருந்தது. அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"எரியுதாட்டி?"

"எரியுதும்மா."

"பூனைக் கண்ணு மாதிரில்லா இருக்கு. இந்த வெளிச்சத்துல ஒங்க அப்பா அவ்வோ செருப்பக்கூடக் கண்டுபிடிக்க மாட்டாவ."

சொல்லிவிட்டு இருவரும் வாசலில் கிடந்த அந்தச் செருப்பைப் பார்த்தோம். யாரும் எடுத்து வைக்காமல் அங்கேயே கிடந்தது. பிறகு அம்மாதான் சொன்னாள்.

"அகல் அளவுக்காவது எரிஞ்சா, நான் செத்த நேரம் கண்ண மூடுவேன். இத நம்பி எப்படிப் படுக்க?"

எனக்கு அது போதும். அகல் அளவு வெளிச்சம் கொண்டுவந்தால் அம்மா தூங்குவாள். வேலை தேடி எழுதிய பரீட்சைகளில்கூடக் கேள்வி இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

மறுநாள் துட்டிக்கு ஆள் வந்துகொண்டே இருந்ததால் டப்பாவைத் தொட முடியவில்லை. பதினோராம் நாள் காலையில், புறவாசலில் உட்கார்ந்து அரிவாள்மணையால் அந்த டப்பாவைப் பிளந்தேன். உள்ளே கடுகுபோல் மூன்று சிவப்பு எல்.இ.டி.யும் ஒரு டையோடும் ஒரு ரெசிஸ்டரும் இருந்தன. ரெசிஸ்டர் என்பது வாய்க்கால் மடை மாதிரி. மடையைக் கொஞ்சமாகத் திறந்தால் கொஞ்சம் தண்ணீர், நிறையத் திறந்தால் நிறையத் தண்ணீர். அண்ணாச்சியின் விளக்கில் மடையை இறுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் பூனைக் கண். அதை எடுத்துவிட்டு, மூன்று மடங்கு கரண்டு விடுகிற மாதிரி வேறொன்று போட வேண்டும். பேப்பரில் கணக்குப் போட்டேன். மடை அளவைச் சொல்லும் ஓம் கணக்கு அச்சாகச் சரியாக வந்தது. உதிரிபாகம் போட்டு வைக்கும் என் பழைய மாத்திரை டப்பாவில் அந்த அளவில் ஒரு ரெசிஸ்டரும் இருந்தது. தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

மடை எவ்வளவு திறக்கும் என்று பார்த்தவள், மடைப் பலகை எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கவில்லை. அதற்குத்தான் வாட் என்று பெயர். ஒரு வாட்டாவது தாங்க வேண்டிய இடத்தில் நான் வைத்தது கால் வாட். முதல் வருஷம் முதல் பாடத்தில் வருவது இது. வாய்க்கால் ஆபீஸ் கிளார்க்கின் மகள், மடைப் பலகையை மறந்துவிட்டேன்.

பற்றவைப்பதற்குச் சால்டரிங் அயன் வைத்திருந்தேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் அப்பா வாங்கித் தந்தது. "இத வச்சு என்னத்தட்டி ஒட்டுவ?" என்று கேட்டார். ஏதோ பதில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் ஆபீஸில் எல்லோரிடமும் என் மகள் ஒட்டுகிறாள் என்று சொன்னார். அதைக் கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஈயத்தை உருக்கினேன். ஈயத்தோடு சேர்ந்த குங்கிலியம் புகைந்து வீடு முழுக்க மணத்தது. உள்ளே அண்ணன் யாரிடமோ, "சாம்பிராணி போடுதாவ போலருக்கு" என்று சொல்வது கேட்டது.

டப்பாவைப் பசை போட்டு மூடி, ஒரு மணி வாக்கில் பிளக்கில் சொருகினேன். பட்டாசல் மூலை முழுக்கச் சிவந்தது. சுவரில் அப்பாவின் படம் சிவந்தது. படத்தின் மாலை சிவந்தது. செம்பு தங்கமாக மின்னியது. அகல் தன் வெளிச்சத்தைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டிருக்கும்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். என் தலையில் கை வைத்தாள்.

"இது போதும்ட்டி" என்றாள். "கொஞ்சம் பாத்துக்கோ."

உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. அந்தக் குறட்டையைக் கேட்டு எனக்கு வந்த பெருமை, டிப்ளமோ சர்டிபிகேட்டைக் கையில் வாங்கியபோதுகூட வரவில்லை. அகலின் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்து, அப்பாவின் படத்தைப் பார்த்து, "தூங்குதாப்பா" என்று மெதுவாகச் சொன்னேன்.

அடுத்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையின் பொற்காலம். அது முடிந்தபோது வாசலில் முக்கூடல் அத்தை நின்றாள். பின்னால் ஆறு பெண்கள். பஸ் மாறி வந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் துட்டிக்கு ஒரு முறை இருக்கிறது. வருகிற பெண்கள் வாசலிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டே நுழைவார்கள். வீட்டுக்காரி எழுந்து வந்து ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அழுது முடிந்ததும் முடியை முடிந்துகொண்டு, எந்த பஸ்ஸில் வந்தீர்கள், உட்கார இடம் கிடைத்ததா என்று பேச ஆரம்பிப்பார்கள். முதல் பாதி நடக்காமல் இரண்டாம் பாதிக்குப் போக முடியாது. அத்தை கையை விரித்துக்கொண்டு நுழைந்தாள். கட்டிக்கொள்ள ஆள் இல்லை.

"எங்கட்டி ஒங்க அம்மா?"

"தூங்குதா அத்தே."

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. "தூங்குதாளா? பதினோராம் நாளு, பட்டப்பகல்ல?"

"பத்து நாளாத் தூங்கல. எழுப்பாதீய அத்தே."

"ஏழு பேரு பஸ்ஸு மாறி வந்திருக்கோம். தூங்குதாளாம்லா!" என்று கூட வந்தவர்களிடம் முறையிட்டாள். பிறகுதான் மூலையைப் பார்த்தாள். "அது என்னட்டி செவப்பா?"

"அகல் அணைஞ்சாலும் அது அணையாது அத்தே. நான் செஞ்சது."

அத்தை இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்தாள். "என்ன இருந்தாலும் வெளக்கு வெளக்குதான்" என்றாள். ஆனால் நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. அத்தையிடம் அதுதான் முதல் வகுப்பு மதிப்பெண்.

அம்மா இல்லாவிட்டாலும் அழாமல் போக முடியாதே. நான் இடம் விட்டு வாசல் பக்கம் ஒதுங்க, ஏழு பேரும் அப்பாவின் படத்துக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்தார்கள். அத்தை ஒப்பாரியை எடுத்தாள். அம்மாவை எழுப்புகிற மாதிரியே சத்தமாக எடுத்தாள்.

"ஏ தம்பி…
மேக்க முக்கூடல்ல அக்காவக் குடுத்தியே
போற வழியில ஒரு பேச்சு சொன்னியா…
கூப்பிட்டுக் கேக்கேன் கூடப் பொறந்தவனே
கேட்டும் கேளாம கெடந்து போனியே…"

அத்தைக்கு நல்ல குரல். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, என் விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிவது மாதிரி தோன்றியது. கண்ணீர் என்று நினைத்தேன். மறுபடி துடைத்துவிட்டுப் பார்த்தேன். இன்னும் பிரகாசமாக எரிந்தது. கால் வாட் ரெசிஸ்டர் ஒரு மணி நேரமாக உள்ளுக்குள் வெந்து கரியாகி, மடை தானாகத் திறந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று விளங்கியது. (பளிச்சென்று விளங்க வேண்டிய நேரம் காலையில்.) எழுந்து பிடுங்கலாம் என்றால் நடுவில் ஏழு பேர், பதினான்கு கால்கள்.

"அக்கா கேக்கேன்…" என்று அத்தை மார்பில் அறைந்தாள். "ஒரே ஒரு பதிலு சொல்ல மாட்டியா தம்பீ…"

பட்டாரென்று வெடித்தது.

சிவப்பாக ஒரு மின்னல். கறுப்பாக ஒரு புகை. ரோஜாப்பூ பறந்து வந்து ஒரு அம்மாளின் மடியில் விழுந்தது. உருகிய டப்பாவுக்குள் இரண்டு பின்னும் ஒட்டி, மெயின் பியூஸும் போய், வீடு இருண்டது. ஏழு பேரும் அலறினார்கள். நானும் சேர்த்து எட்டு. தீ என்று யாரோ கத்த, அத்தை கைக்கு எட்டியதை எடுத்து வீசினாள். கைக்கு எட்டியது செம்புத் தண்ணீர். (அதற்குள் பியூஸ் போயிருந்தது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம். இல்லாவிட்டால் ஒரே பந்தலில் இரண்டு விசேஷம்.) தண்ணீரில் பாதி பிளக் மேல் விழுந்தது. மீதி அகல் மேல் விழுந்தது.

அகல் அணைந்தது. எட்டு நாளாக அம்மா மேல்காற்றிலிருந்து காப்பாற்றிய விளக்கு.

வாசல் வெளிச்சத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிளாஸ்டிக் கருகிய நாற்றம். அத்தைதான் முதலில் பேசினாள். அதுவும் ரகசியமாக.

"தம்பி பதில் சொல்லிட்டான்."

அந்த ஆறு பேரும் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார்கள். "வந்துட்டுப் போயிட்டாவ" என்றாள் ஒருத்தி. "வெளக்கயும் அவ்வோளே அணைச்சிட்டுப் போயிட்டாவ" என்றாள் இன்னொருத்தி, அத்தையின் கையில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த செம்பைப் பார்க்காத மாதிரி.

உள்ளறை நிலைப்படியில் அம்மா நின்றாள். முடி கலைந்து, பாயின் தடம் கன்னத்தில் பதிந்து, பாதித் தூக்கத்தில் நின்றாள்.

"ஏ கோமதி! ஒன் மாப்பிள்ள வந்துட்டுப் போறாண்டீ!" என்று அத்தை கத்தினாள். "நான் கூப்பிட்டேன், பதில் சொல்லிட்டான்! இவ்வோ அத்தன பேரும் சாட்சி!"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள், கரி பிடித்த சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வடிவு" என்றாள். "அப்பாவா?"

அந்த ஒரு சொல்லில் அவள் எவ்வளவு ஆசை வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். என் மானமும் தப்பும், அத்தைக்கும் பெருமை, அம்மாவுக்கும் ஆறுதல். எந்தச் சாவு வீட்டிலும் இப்படி எல்லோருக்கும் லாபமான ஒரு பொய் கிடைக்காது. ஆனால் என் வாய் எப்போதும் போலத்தான் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "ரெசிஸ்டரு."

என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கேவலமான பதில் அதுதான். அதோடு நிறுத்தினேனா? இல்லை. அழுதுகொண்டே, ஏழு துட்டிக்காரர்களுக்கு நடுவில், கால் வாட் என்றால் என்ன, ஒரு வாட் என்றால் என்ன, சூடு ஏன் ஏறியது என்று வகுப்பு எடுத்தேன். "ஓம் கணக்கு சரிதாம்மா, வாட்டுதான் விட்டுப் போச்சு" என்று முடித்தேன். சத்தம் கேட்டுப் புறவாசலிலிருந்து ஓடிவந்த அண்ணன் மொட்டைத் தலையில் கை வைத்துக்கொண்டான். "சாவுக்குன்னு வந்த எடத்துல கூறுகெட்ட மூதி கரண்ட வச்சு வெளயாடியிருக்கு" என்றாள் ஒருத்தி.

அம்மா முழுக்கக் கேட்டாள். அவள் முகத்திலிருந்து அந்த ஆசை போனதை நான் நின்று பார்த்தேன். அதன் பிறகு அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"அகல யாரு அணைச்சா?"

அத்தை செம்பைப் பைய கீழே வைத்தாள்.

"தீ புடிச்சிரும்னு… நான்… கோமதி…" என்று இழுத்தாள். "எந்தம்பிக்கு ஏத்துன வெளக்க நானே அணைச்சிட்டேனே, பாவி!" அது ஒப்பாரி இல்லை. நிஜமாகவே அழுதாள். முடியை அவிழ்க்கவும் இல்லை, ராகமும் இல்லை.

அம்மா அடுக்களைக்குப் போனாள். தீப்பெட்டியோடும் எண்ணெய் டின்னின் தகர மூடியோடும் வந்தாள். தரையை முந்தானையால் துடைத்தாள். அகலில் புது எண்ணெயும் திரியும் போட்டு ஏற்றினாள். தகர மூடியை வாசலுக்கும் விளக்குக்கும் நடுவில் நிறுத்தினாள். சுடர் ஆடாமல் நின்றது.

"மதினி, அழாதீய" என்றாள். "இது இனிமே இங்கனதான் நிக்கும்."

ஹைகோர்ட்டு மூக்கைச் சிந்திவிட்டுத் தலையாட்டியது.

"வடிவு, வந்தவ்வோளுக்குக் காப்பி போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்ப உள்ளறைக்குப் போனாள். மறுநாள் காலை வெயில் ஏறுகிறவரை எழுந்திருக்கவில்லை. இடையில் அண்ணன் பியூஸ் கட்டினான், நான் சுவரைத் தேய்த்தேன். துட்டிக்கு இன்னும் இரண்டு கூட்டம் வந்து சத்தம் போட்டு அழுதது. அவள் அசையவில்லை. விளக்கும் அணையவில்லை. எனக்கு வேண்டியது நடந்துவிட்டது. என் டிப்ளமோவுக்கு அதில் பங்கு இல்லை, அவ்வளவுதான்.

முக்கூடலில் இன்றைக்கும் அத்தையின் கதைதான் செல்லும். தம்பி வந்தான், அக்காவுக்குப் பதில் சொன்னான். ரெசிஸ்டர் என்பது படித்த பிள்ளைகளின் திமிர். எங்கள் வீட்டிலோ வேறு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி பாத்திரம் உருண்டாலும் சரி, காற்றில் கதவு தானாகச் சாத்தினாலும் சரி, யாராவது ஒருவர் "அப்பாவா?" என்பார்கள். வீடு மொத்தமும், அண்ணன் பிள்ளைகள் உட்பட, "இல்லம்மா, ரெசிஸ்டரு!" என்று ராகம் போடும். அம்மாவும் சிரிப்பாள். நான் இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் இதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். வாட் பற்றிச் சொல்லும் நாளில் என் குரல் கொஞ்சம் தடிக்கும். மாணவர்கள் ஜலதோஷம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை, நானும் அம்மாவும் தனியாக இருந்தபோது, ரொம்ப நாளாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் ஆமான்னு சொல்லியிருக்கலாமோம்மா? ஒனக்கு ஆறுதலா இருந்திருக்கும்லா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நல்ல வேள சொல்லாம இருந்த" என்றாள். "சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்கவே மாட்டேன். ஒரு தடவ வந்தவ்வோ இன்னொரு தடவ வருவாவன்னு, இன்னைக்கு வரைக்கும் முழிச்சிக்கிட்டேல்லா இருந்திருப்பேன்."

இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் எல்லோரையும் உட்காரவைத்து அவன் அந்தக் கதையை நடித்துக் காட்டுகிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவன் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கட்டும்.